நிலத்துக்கு விலை வைத்தவர்கள்: திருவிதாங்கூர் ரயில்பாதையும் உத்தியோக விதிகளும்

கேள்வி

கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்டது 1918 ஜனவரி 1 அன்று. பரவூர், வர்க்கலை, கடைக்காவூர், சிறயின்கீழ், முருக்கும்புழை, கணியாபுரம், கழக்கூட்டம் என்று கடற்கரையை ஒட்டியே வந்த பாதை, நகரத்தின் மேற்கு விளிம்பில் பார்வதி புத்தனார் கால்வாய்க்கு அருகே சாக்கையில் முடிந்தது. தம்பானூருக்கு ரயில் வர மேலும் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1931 நவம்பர் 4-இல்தான் அங்கே நிலையம் திறந்தது.

இந்தப் பாதையின் கதையை நாம் மூலம் திருநாள் மகாராஜாவின் கதையாகவும், திவான்களின் கதையாகவும், தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கதையாகவும் படித்திருக்கிறோம். பாதை போன வழியில் தென்னந்தோப்பும் வயலும் குடியிருப்பும் இடைவெளியின்றி இருந்தன என்பதும், அவற்றை யாரோ ஒருவர் அளந்து, மரத்தை எண்ணி, விலை எழுதி, கையெழுத்து வாங்கினார் என்பதும் அந்தக் கதைகளில் ஒரு வரிக்கு மேல் இடம் பெறுவதில்லை. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அந்த ஒரு வரியைப் பற்றியது. ரயிலுக்காக எடுத்த நிலத்துக்கு விலை வைத்த உத்தியோகஸ்தர் யார்? அந்த உத்தியோகத்துக்கு வர யாருக்கு உரிமை இருந்தது?

நில எடுப்புச் சட்டம் ஒரு புத்தகத்திலும் உத்தியோக விதிகள் வேறொரு புத்தகத்திலும் இருக்கின்றன. ஆய்வாளர்களும் அவற்றைத் தனித்தனியே படித்துவந்திருக்கிறார்கள். திருவிதாங்கூரைப் பொறுத்தவரை இரண்டையும் ஒருசேரப் படிக்காமல் எதையும் விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் வாதம்.

இதுவரை எழுதப்பட்டவை

இந்திய ரயில்வே பற்றிய ஆய்வு நெடுங்காலம் பணத்தைச் சுற்றியே வந்தது. தானியல் தார்னர் 1950-இல் வெளியிட்ட 'இன்வெஸ்ட்மென்ட் இன் எம்பயர்' பிரிட்டிஷ் முதலீட்டாளர்களுக்குக் கிடைத்த வட்டி உத்தரவாதத்தின் அரசியலைக் காட்டியது. இயன் கெர் 1995-இல் எழுதிய நூல் கவனத்தைக் கட்டுமானத் தொழிலாளர்களிடம் திருப்பியது. நிலம் இரண்டிலும் பின்னணியில்தான் நிற்கிறது. அதற்குக் காரணம் உண்டு. 1849 ஆகஸ்டு 17-இல் கிழக்கிந்தியக் கம்பெனி முதல் இரண்டு ரயில் கம்பெனிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் இலவசம் என்றும் முதலுக்கு 5 சதவீத வட்டி உறுதி என்றும் எழுதப்பட்டது. நிலம் கம்பெனியின் கணக்கில் செலவாகவே வராததால், கம்பெனிக் கணக்குகளை வைத்து எழுதியவர்களின் கண்ணிலும் அது படவில்லை.

உத்தியோக வர்க்கம் பற்றிய ஆய்வு வேறொரு திசையில் வளர்ந்தது. ராபர்ட் ஃபிரைகன்பர்க் குண்டூர் மாவட்டத்தைப் பற்றி 1965-இல் எழுதிய நூல், கலெக்டருக்குக் கீழே இருந்த உள்ளூர் உத்தியோகஸ்தர்களிடம்தான் உண்மையான அதிகாரம் இருந்தது என்று நிறுவியது. திருவிதாங்கூருக்கு ராபின் ஜெஃப்ரியின் 'நாயர் ஆதிக்கத்தின் வீழ்ச்சி' (1976) இன்றும் முதன்மையான நூல். அரசு வேலைக்கான போட்டி எப்படிச் சாதி அரசியலாக மாறியது என்பதை அது விரிவாகச் சொல்கிறது. நாகம் ஐயாவின் ஸ்டேட் மானுவல் (1906), வேலுப்பிள்ளையின் மானுவல் (1940) ஆகிய இரண்டும் ரயிலுக்குத் தனி இடம் ஒதுக்குகின்றன, உத்தியோக அமைப்புக்கும் தனி இடம் ஒதுக்குகின்றன. அவற்றை இணைக்கும் பாலம் அங்கே இல்லை. மானுவல்களை எழுதியவர்களும் அதே அரசின் உத்தியோகஸ்தர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் நகர்ந்த விதம்

பிரிட்டிஷ் இந்தியாவில் நில எடுப்பு 1824-ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குமுறையிலிருந்து தொடங்குகிறது. சென்னை மாகாணத்துக்கு 1852-இல் தனிச் சட்டம் வந்தது. 1857-இன் ஆறாம் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது. பிறகு 1870-இன் பத்தாம் சட்டம், அதன் பிறகு 1894-இன் முதலாம் சட்டம். கடைசியாகச் சொன்னதுதான் 2013 வரை நம்மை ஆண்டது.

சட்ட நூல்கள் இதை ஒரு சீரான வளர்ச்சியாக எழுதுகின்றன. விலையை யார் முடிவு செய்கிறார் என்பதை மட்டும் பிரித்து எடுத்துப் பார்த்தால் வேறு சித்திரம் தெரியும். 1857 சட்டத்தில், கலெக்டருக்கும் உடைமையாளருக்கும் விலை ஒத்துப்போகாவிட்டால் விஷயம் நடுவர்களிடம் போயிற்று. 1870 சட்டத்தில் அது நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதியோடு மதிப்பீட்டாளர்களும் உட்கார்ந்தார்கள். உடன்பாடு இல்லாவிட்டால் கலெக்டரே விஷயத்தை அங்கே அனுப்பியாக வேண்டும். 1894-இல் மதிப்பீட்டாளர்கள் நீக்கப்பட்டார்கள். கலெக்டர் தாமே விசாரித்து அவார்டு (இழப்பீட்டுத் தீர்மானம்) எழுதுவார். உடைமையாளர் எழுத்து மூலம் கேட்டால் மட்டுமே அது நீதிமன்றத்துக்குப் போகும். ஆக, எழுபது ஆண்டுகளில் விலை சொல்லும் உரிமை சிறிது சிறிதாக நகர்ந்து வருவாய் அதிகாரியின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

1894 சட்டத்தின் சிறு பிரிவுகளில்தான் இதன் முழுக் கனமும் இருக்கிறது. 9-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கிடைத்தவர் நேரிலோ முகவர் மூலமோ வந்து தம் கோரிக்கையைச் சொல்ல வேண்டும். அப்போது அவர் கேட்ட தொகையைவிட அதிகமாக நீதிமன்றம் பின்னால் கொடுக்க முடியாது என்றது 25-ஆம் பிரிவு. தக்க காரணம் இல்லாமல் ஒன்றுமே கேட்காமல் இருந்துவிட்டால், கலெக்டர் எழுதியதற்கு மேல் ஒரு காசும் கூடாது. 31-ஆம் பிரிவின்படி, ஆட்சேபத்தைப் பதிவு செய்யாமல் பணத்தை வாங்கிக்கொண்டவர் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை இழந்தார். அவார்டு சொல்லும்போது ஆள் அங்கே இருந்தால், மனுச் செய்ய ஆறு வாரமே அவகாசம்.

இவற்றை ஒரு வழக்கறிஞர் படித்தால் நடைமுறை விதிகள். எழுத்தறியாத ஒரு தோப்புக்காரர் பக்கத்திலிருந்து படித்தால், ஒவ்வொன்றும் தவறி விழக்கூடிய ஒரு படி. எவ்வளவு கேட்பது, ஆட்சேபத்தை எப்படி எழுதுவது, பணத்தை எப்போது வாங்குவது என்று சொல்லித்தர கச்சேரிக்குள் தெரிந்த ஒருவர் இருப்பதும் இல்லாமலிருப்பதும் கையில் கிடைக்கும் தொகையையே மாற்றும். சந்தை விலைக்கு மேல் 15 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்ற 23-ஆம் பிரிவை அந்தச் சட்டத்தின் தாராளத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்த 15 சதவீதமும் அதிகாரி எழுதிய சந்தை விலையின் மீதுதான் கணக்கிடப்பட்டது. திட்டத்தால் நிலத்துக்கு வரப்போகும் விலை உயர்வைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 24-ஆம் பிரிவு முன்கூட்டியே தடுத்திருந்தது. உடைமையாளருக்கு நிலத்தைக் கொடுக்க மனமில்லை என்பதும் கணக்கில் வராது.

இந்த அதிகாரி யார் என்பதற்குப் பிரிவி கவுன்சில் 1905-இல் எஸ்ரா வழக்கில் தெளிவான பதில் தந்தது. கலெக்டரின் விசாரணை நீதி விசாரணை ஆகாது. அவர் அரசின் முகவர். அவருடைய அவார்டு அரசு முன்வைக்கும் விலை மட்டுமே. வாங்குபவரின் ஆளே விலையையும் சொல்கிறார் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட பிறகு, அந்த ஆள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார், எந்தக் கட்டுப்பாட்டுக்குள் நிற்கிறார் என்ற கேள்வி உத்தியோக விதிகளுக்குப் போய்விடுகிறது.

செங்கோட்டையிலிருந்து சாக்கை வரை

திருவிதாங்கூருக்குள் ரயில் கிழக்கிலிருந்து வந்தது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை வரையிலான பாதை 1902, 1903 ஆண்டுகளில் திறந்தது. செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து கொல்லம் போகும் பாதையில் 1904 நவம்பர் 26 முதல் ரயில் ஓடியது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரின் பகுதி. 1956 நவம்பர் 1 வரை அப்படியே இருந்தது.

ஒரே பாதை, இரண்டு அரசுகள். தென்காசி வரை நிலம் 1894 சட்டத்தின்படியும், சென்னை வருவாய் வாரியத்தின் நிலையாணை எண் 90-இன்படியும் எடுக்கப்பட்டது. எல்லையைத் தாண்டினால் அந்தச் சட்டம் செல்லாது. அங்கே நிலத்தை எடுத்துக் கொடுத்தது திருவிதாங்கூர் சர்க்கார். ஆரியங்காவு, தென்மலைப் பகுதியில் பாதை பெரும்பாலும் சர்க்கார் காட்டுக்குள் போயிற்று. அங்கே விலை பேச ஆளில்லை, சிக்கலும் குறைவு. பொறியியல் கடினமாக இருந்த இடத்தில் நில எடுப்பு எளிது. சமதளமான கொல்லம்–திருவனந்தபுரம் பகுதியில் அது தலைகீழ்.

கொல்லம் ஆண்டு 1089-இல், அதாவது 1913 ஆகஸ்டுக்கும் 1914 ஆகஸ்டுக்கும் இடையில், திருவிதாங்கூர் தன் நில எடுப்புச் சட்டத்தை (1089-இன் பதினோராம் சட்டம்) இயற்றியது. அண்டையிலிருந்த கொச்சி அரசு 1070-ஆம் கொல்லம் ஆண்டிலேயே, 1894-இன் பிரிட்டிஷ் சட்டம் வந்த கையோடு, தனக்கு ஒரு சட்டம் செய்துகொண்டது. ஷொர்ணூர்–கொச்சி பாதை 1902-இல் திறந்தது. திருவிதாங்கூரின் சட்டமும் அமைப்பில் பெரும்பாலும் 1894 சட்டத்தைப் பின்பற்றியது. தலைநகருக்கு ரயில் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால் அது வந்தது. ரயிலுக்காகவே சட்டம் வந்தது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். சாலை, கால்வாய், நகர விரிவு எல்லாவற்றுக்கும் அப்போது நிலம் தேவைப்பட்டது. ஆனால் அதுவரை மகாராஜாவின் ஆணையாலும் வழக்கத்தாலும் நடந்த காரியம், மக்கள் நெருங்கி வாழ்ந்த கடற்கரை வழியே ரயில் வரும் காலத்தில் அச்சிட்ட பிரிவுகளாக மாறியது என்பது கவனத்துக்குரியது. 'பொன்னும் விலைக்கு எடுத்தல்' என்று மலையாளத்தில் ஊரார் சொன்ன காரியம் இனி நோட்டீஸ், விசாரணை, அவார்டு என்ற ஒழுங்கில் நடந்தது.

அந்த ஒழுங்கை நடத்தியவர்கள் வருவாய் இலாகாவினர். மேலே திவான், அவருக்குக் கீழே டிவிஷன் பேஷ்கார், பிறகு தாசில்தார், அடியில் கிராமக் கணக்கை வைத்திருந்த பிரவர்த்திக்காரர். எது வயல், எது புரயிடம் (வீட்டுத் தோப்பு), எது புதுவல் (பதிவாகாத சர்க்கார் நிலம்) என்பது அவர்கள் பதிவேட்டில் இருந்தது. தோப்பில் எத்தனை காய்க்கும் தென்னை, எத்தனை இளந்தென்னை, எத்தனை பலா என்ற கணக்கும் அவர்களிடம்தான் தொடங்கியது. கடற்கரைப் புரயிடத்தின் மதிப்பில் மண்ணைவிட மரத்துக்கே பங்கு அதிகம் என்பதால், காய்க்கும் மரத்தைக் காய்க்காத மரம் என்று எழுதினாலே விலை சரிந்துவிடும்.

மூடியிருந்த இலாகா

இந்த வருவாய் இலாகாவில் யார் வேலை பார்க்கலாம்? 1922 வரை இதற்கு விடை எளிமையாகவும் கொடுமையாகவும் இருந்தது. ஈழவர், புலையர் முதலான அவர்ணர்களுக்கும், கிறிஸ்தவர்களுக்கும், முஸ்லிம்களுக்கும் அதன் கதவு பொதுவாக மூடியிருந்தது.

காரணம் கோயில். 1811-இல், ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 348 பெரிய தேவஸ்வங்களையும் 1,171 சிறிய தேவஸ்வங்களையும் அவற்றின் சொத்தோடு சர்க்காரின் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கோயில் நிலத்தின் வருமானம் சர்க்கார் வருமானத்தோடு கலந்தது. கோயில் நிர்வாகம் வருவாய் அதிகாரிகளின் கடமையாயிற்று. தாசில்தார் வரி வசூலிப்பதோடு கோயில் காரியத்தையும் பார்க்க வேண்டும் என்றால், கோயிலுக்குள் நுழைய முடியாதவர் தாசில்தார் ஆக முடியாது. கணக்கு வசதிக்காகச் செய்த ஓர் இணைப்பு நூறாண்டுக்கு மேல் பெரும்பான்மைக் குடிகளை வருவாய் உத்தியோகத்துக்கு வெளியே நிறுத்தியது.

உத்தியோகப் போராட்டத்தின் மற்ற அத்தியாயங்கள் நன்கு அறியப்பட்டவை. 1891 ஜனவரியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மூலம் திருநாளிடம் கொடுத்த மலையாளி மெமோரியல், உயர் பதவிகளில் பரதேசிப் பிராமணர்களின் ஆதிக்கத்தை எதிர்த்தது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பிராமணர்கள் என்பதால், நம் தமிழ் வாசகர்கள் அந்த மனுவைத் தமிழருக்கு எதிரானதாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் 1896-இல் டாக்டர் பல்பு முன்னின்று 13,176 ஈழவர்களின் கையெழுத்தோடு கொடுத்த மனுவையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பிரச்சினையின் ஆழம் தெரியும். சென்னையில் மருத்துவம் படித்துத் தேறிய பல்புவுக்குச் சொந்த சமஸ்தானத்தில் வேலை கிடைக்காமல் மைசூரில் பணியாற்ற வேண்டியிருந்தது. முதல் மனுவுக்குப் பிறகு சில கதவுகள் நாயர்களுக்குத் திறந்தன. இரண்டாவது மனுவுக்கு ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்கவில்லை.

இந்த மனுக்களை வேலை கேட்ட மனுக்களாகவே வரலாறு வகைப்படுத்துகிறது. சம்பளம், கௌரவம், பிரதிநிதித்துவம் என்ற அளவில் அந்த வகைப்பாடு சரி. அதோடு நின்றுவிட்டதுதான் குறை. வருவாய் உத்தியோகம் சம்பளம் தரும் இடம் மட்டும் அன்று. நிலத்தின் வகையையும் விலையையும் எழுதும் இடம். கொல்லத்துக்கும் சாக்கைக்கும் இடைப்பட்ட கடற்கரையில் ஈழவர்களும் முஸ்லிம்களும் லத்தீன் கத்தோலிக்கர்களும் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். ஈழவர்களின் ஆன்மிக மையமான சிவகிரி இருக்கும் வர்க்கலை வழியாகத்தான் பாதை போகிறது. 1913-க்குப் பிறகான அந்த ஆண்டுகளில், அந்த மக்களின் புரயிடங்களுக்கு விலை எழுதிய இலாகாவில் அந்த மக்களில் ஒருவரும் அதிகாரியாக உட்கார வழியில்லை. விலை குறைவாகத்தான் எழுதப்பட்டது என்று இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. விலையைக் கேள்வி கேட்கும் பலம் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்று சொல்ல முடியும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் பார்க்க வேண்டும். நீதிமன்றம் இருந்தது என்பது ஒன்று. இருந்தது. ஆனால் மேலே சொன்ன பிரிவுகளின் அமைப்பில், நீதிமன்றத்துக்குப் போகும் பாதை தாசில்தாரின் கச்சேரி வழியாகவே போகிறது. அங்கே சரியாகக் கோராதவருக்கு நீதிமன்றமும் உதவாது. பல கச்சேரிகள் கோயிலை ஒட்டி இருந்ததால் அவர்ணர்கள் அருகில் வரத் தடை இருந்ததை 19-ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் ஓயாமல் எழுதினார்கள். சாமுவேல் மட்டீரின் 1883-ஆம் ஆண்டு நூல் அதற்குத் தெரிந்த சான்று. கோயிலைச் சுற்றிய பொதுவழியில் நடக்கவே 1924-இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்த சமஸ்தானம் இது.

இரண்டாவது மறுப்பு, சாதி வேறானாலும் நேர்மையான அதிகாரிகள் இருந்தார்கள் என்பது. இருந்திருப்பார்கள், ஐயமில்லை. திவான் மாதவ ராவ் 1860-களில் சம்பளத்தை உயர்த்தி லஞ்சத்தைக் குறைக்க முயன்ற காலம் முதலே அப்படிப்பட்ட ஒரு மரபு அங்கே உண்டு. ஆனால் தனிமனித நேர்மை அமைப்பின் குறையை ஈடுகட்டும் என்று நம்பி ஓர் அரசு நடக்கக் கூடாது. குடிகளின் உரிமை அதிகாரியின் குணத்தை நம்பியிருந்தால் அது உரிமையாகாது.

மூன்றாவது மறுப்பு, உத்தியோகத்தில் இடம் கிடைத்திருந்தாலும் நிலமே இல்லாதவர்களுக்கு அது உதவியிருக்காது என்பது. எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது இதுதான். சட்டம் நிலத்தில் 'பாத்தியதை' உள்ளவருக்கே இழப்பீடு தந்தது. தோப்பின் ஓரத்திலோ வயல் வரப்பிலோ குடிசை போட்டு உழைத்த புலையருக்குப் பாத்தியதை எதுவும் பதிவில் இல்லை. தோப்பு போனால் உடைமையாளருக்கு விலை கிடைத்தது. குடிசைக்காரருக்கு இருக்க இடமும் போயிற்று, வேலையும் போயிற்று. புலையர் தலைவர் அய்யன்காளி 1911-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்ட பின் எழுப்பிய முதல் கோரிக்கைகளில் ஒன்று, புலையருக்குப் புதுவல் நிலம் பதித்துத் தர வேண்டும் என்பது. சபையில் அவர் அதைச் சொன்ன காலமும் கடற்கரைப் பாதையின் காலமும் அடுத்தடுத்தவை. பாத்தியதை இல்லாதவருக்கு இழப்பீடும் இல்லை என்ற சட்டத்தின் முன் அந்தக் கோரிக்கையின் பொருள் இன்னும் கூர்மையாகிறது.

1919-இல் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் சேர்ந்து நடத்திய பௌர சமத்துவ இயக்கம் வருவாய் இலாகாவைத் தேவஸ்வத்திலிருந்து பிரிக்கக் கோரியது. 1922 ஏப்ரலில் தேவஸ்வப் பிரகடனம் வந்து இரண்டும் பிரிந்தன. சாக்கைக்கு ரயில் வந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கதவு சட்டப்படி திறந்தது. சாக்கையிலிருந்து தம்பானூர் வரையிலான நீட்டிப்புதான் அந்தத் திறப்புக்குப் பிந்தியது. அப்போதும் உத்தியோகப் பட்டியல் உடனே மாறிவிடவில்லை. 1930-களின் தொடக்கத்தில் உரிய பங்கு கேட்டு எழுந்த நிவர்த்தன இயக்கமும், 1936-இல் டாக்டர் நோக்ஸ் முதல் பப்ளிக் சர்வீஸ் கமிஷனராகப் பொறுப்பேற்றதும் அதைத்தான் காட்டுகின்றன.

குடும்பம் என்று விதி எதைச் சொன்னது

பாதை எங்கே போகும் என்பது கெஜட்டில் வருமுன்பே வருவாய், பொறியியல் அதிகாரிகளுக்குத் தெரியும். அந்த அறிவை வைத்து நிலம் வாங்கினால் கொள்ளை லாபம். இதைத் தடுக்கும் விதிகள் பழையவை. 1793-லேயே வங்காளத்தில் கலெக்டரின் கீழிருந்தவர்கள் வருவாய் ஏலத்தில் நிலம் வாங்கத் தடை வந்தது. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு, சட்டப்படி வாங்கக் கூடாத சொத்தை வாங்கும் அரசு ஊழியருக்குத் தண்டனை விதித்தது. திருவிதாங்கூர் 1074-ஆம் கொல்லம் ஆண்டில் அந்தச் சட்டத்தைப் பின்பற்றித் தன் தண்டனைச் சட்டத்தை இயற்றியது. பிரிட்டிஷ் இந்தியாவின் நடத்தை விதிகள் ஊழியரும் அவர் மனைவியும், அவரோடு வாழும் அல்லது அவரைச் சார்ந்திருக்கும் குடும்பத்தினரும் வைத்திருக்கும் அசையாச் சொத்தை அறிவிக்கச் சொல்லின.

இந்த விதிமுறையின் குடும்பக் கற்பனை மருமக்கத்தாயம் என்ற தாய்வழி உரிமை முறைக்குப் பொருந்தாது. நாயர் உத்தியோகஸ்தரின் மனைவியும் பிள்ளைகளும் சட்டப்படி வேறு தறவாட்டை (தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தை) சேர்ந்தவர்கள். அவருடைய சொந்தத் தறவாட்டுச் சொத்து அவர் பெயரிலேயே இருக்காது. தறவாட்டுத் தலைவரான காரணவரின் நிர்வாகத்தில் இருக்கும். சகோதரியின் மக்கள் வாங்கும் நிலத்தில் அவருக்கும் பங்குண்டு என்பதை இப்படிப்பட்ட விதி பிடிக்காது. 1925 நாயர் சட்டம் பாகப்பிரிவினையைத் திறந்துவிடும் வரை தறவாடே உடைமையாளர். இழப்பீட்டுத் தொகை காரணவர் கைக்குப் போனது. இளைய அங்கத்தினருக்கு எவ்வளவு என்பது தறவாட்டுக்குள்ளேயே வழக்காயிற்று. நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி வேளாளருக்கும் இதே சிக்கல் உண்டு. அங்கே ரயில் வர 1979 ஆனது என்பதால் அவர்கள் அந்தச் சோதனையிலிருந்து தப்பினார்கள்.

நிலத்தோடு போன அதிகாரம்

சமஸ்தானங்கள் வழியாகப் போகும் முக்கியப் பாதைகளின் நிலத்தில் முழு சிவில், கிரிமினல் அதிகாரத்தையும் பிரிட்டிஷ் இந்திய அரசிடம் விட்டுவிட வேண்டும் என்பது அன்றைய கொள்கை. திருவிதாங்கூரும் விட்டுக்கொடுத்தது. குடியிடமிருந்து நிலத்தை எடுத்தது சர்க்கார், ஆனால் எடுத்த பிறகு அங்கே சர்க்காரின் போலீஸ் நுழைய முடியாது. வண்டி ஓட்டியவர்கள் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் ஊழியர்கள். திருவிதாங்கூரின் உத்தியோக விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை.

இந்த அதிகாரம் எல்லையற்றது அன்று என்று பிரிவி கவுன்சில் 1897-இல் முகமது யூசுஃபுத்தீன் வழக்கில் சொன்னது. ஹைதராபாத் நிஜாமின் எல்லைக்குள் ஒரு ரயில் நிலையத்தில், சிம்லா மாஜிஸ்டிரேட்டின் வாரண்டைக் கொண்டு ஒருவரைக் கைது செய்தார்கள். ரயிலோடு சம்பந்தமில்லாத குற்றத்துக்கு ரயில் நிலத்தில் வைத்துப் பிடித்தது செல்லாது என்பது தீர்ப்பு. சட்ட நுணுக்கத்தில் சமஸ்தானங்களுக்கு அது ஆறுதல். நடைமுறையில் பெரிதாக மாற்றமில்லை. சமஸ்தான உறவுகளை ஆராய்ந்து 1929-இல் அறிக்கை தந்த பட்லர் கமிட்டியின் முன்னும் இதே மனக்குறை வைக்கப்பட்டது. 1947 ஆகஸ்டு 15-இல் பிரிட்டிஷ் மேலாதிக்கம் முடிந்தபோதுதான் இந்த ஏற்பாடும் முடிந்தது.

சமஸ்தானத்தின் இறைமை பறிபோனதைப் பற்றி மன்னராட்சி வரலாறுகள் வருத்தத்தோடு எழுதுகின்றன. குடியின் தோப்பு பறிபோனதைப் பற்றி அவை எழுதியது மிகக் குறைவு. இரண்டு இழப்பும் ஒரே கோப்பில் தொடங்கியவை; முன்னதற்கு மட்டும் வரலாறு கிடைத்தது.

இன்றைய நிலை

1961-இல் கேரளம் தனக்கென ஒரு நில எடுப்புச் சட்டத்தை இயற்றித் திருவிதாங்கூர், கொச்சிச் சட்டங்களை நீக்கியது. 2014 ஜனவரி 1 முதல் 2013-இன் புதிய மத்தியச் சட்டம் அமலில் இருக்கிறது. அதன் மிகப் பெரிய மாற்றம், 15-லிருந்து 1984-இல் 30 ஆகியிருந்த கூடுதல் தொகை 100 சதவீதமானது என்று பலர் சொல்வார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரியது வேறு: எடுக்கப்படும் நிலத்தில் மூன்றாண்டுகளாக உழைத்துப் பிழைத்த கூலித் தொழிலாளியும் வாரக்காரரும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' ஆகிறார்கள். பாத்தியதை இல்லாதவர் முதல்முறையாகக் கணக்கில் வந்தார். அதே சட்டத்தின் நான்காம் அட்டவணையில் ரயில்வே சட்டம் இடம் பெற்றிருப்பதால், அந்தச் சட்டத்தின் வழியே எடுக்கும் நிலத்துக்குச் சமூகத் தாக்க ஆய்வு கட்டாயமாகவில்லை. ரயிலுக்கு 1849-இல் தொடங்கிய தனிச் சலுகை முழுமையாக ஓய்ந்துவிடவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை சுமார் 529 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட சில்வர்லைன் பாதைக்கு ஏறக்குறைய 1,383 ஹெக்டேர் நிலம் தேவை என்று கணக்கிட்டார்கள். 2022-இல் கே-ரெயில் என்று பொறித்த மஞ்சள் எல்லைக்கற்களை நட வந்தபோது மக்கள் பிடுங்கி எறிந்தார்கள். சங்ஙனாச்சேரிக்கு அருகே மாடப்பள்ளியில் பெண்களைப் போலீஸார் இழுத்துச் சென்ற காட்சி நாடெங்கும் பரவியது. அந்த ஆண்டு நவம்பரில் நில எடுப்புக்கென நியமித்த ஊழியர்களை அரசு திரும்ப அழைத்துக்கொண்டது. அந்தப் போராட்டத்தைத் திட்டத்துக்கு எதிரான அரசியல் என்று மட்டும் படிப்பது போதாது. கல் நட வந்தவரின் அதிகாரம் எந்தச் சட்டத்திலிருந்து வந்தது, அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை அந்தக் குடும்பத்தினர் வீட்டு வாசலிலேயே கேட்டார்கள். 1914-இல் கடைக்காவூரில் அதைக் கேட்க யாருக்கும் இடமிருக்கவில்லை.

அந்தக் காலத்து விலை நியாயமானதா என்பதை முடிவு செய்ய அவார்டுக் கோப்புகளையும், அதே ஆண்டின் பத்திரப் பதிவு விலைகளையும், தாலுகா உத்தியோகப் பட்டியலையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். அந்த வேலையை இளம் ஆய்வாளர்கள் ஒரே ஒரு கிராமத்துக்காவது செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொல்லத்துக்கும் சாக்கைக்கும் இடையே பாதையோரத்தில் நிலம் இருந்த குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பழைய பெட்டியில் நில எடுப்பு நோட்டீஸோ, அவார்டு நகலோ, பணம் வாங்கிய ரசீதோ, தறவாட்டுப் பாகப் பத்திரமோ இருந்தால் பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் மத்திய ஆவணக் காப்பகத்திலோ அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையிலோ காட்டுங்கள்.